காடு கூறும் வரலாறு

மன்னர்களின் வரலாற்றை அறியக் கல்வெட்டும் செப்பேடும் துணைசெய்கின்றன. மக்களின் வாழ்க்கையை அறியப் பழைய பாடல்களும் நாணயங்களும் மண்ணில் புதைந்த பானை ஓடுகளும் உதவுகின்றன. ஆனால், ஒரு காட்டின் வரலாற்றை அறிய எதனை நாடுவது? காட்டுக்குக் கல்வெட்டு வெட்டியவர் எவரும் இலர். எனினும், காடு தன் வரலாற்றைத் தானே எழுதி வைத்திருக்கிறது. மரத்தின் அடியிலும், மண்ணின் அடுக்கிலும், ஊரின் பெயரிலும் அவ்வெழுத்து மறைந்து கிடக்கின்றது. அதனைப் படிக்கக் கற்றவர்க்குக் காடு ஒரு பெருநூலாகும். கல்லாதவர்க்கு அது வெறும் பச்சைத் திரையே.

மலைக்காட்டின் வரலாற்றைப் படிப்பதற்கு வடசென்னையிலுள்ள இராயபுரத்திலிருந்து புறப்படுதல் வேண்டும் என்றால், அது வியப்பாகத் தோன்றலாம். இராயபுரத்தில் மலையும் இல்லை, காடும் இல்லை. கடலும் மீன்பிடி துறைமுகமும் தொழிற்கூடங்களும் சரக்கு வண்டிகளுமே அங்குக் காணப்படுவன. ஆனால், அங்கே நெடிய தூண்களோடு நிற்கும் பழைய இரயில் நிலையத்திற்கும் தொலைவிலுள்ள மலைக்காடுகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை இராயபுரத்திலிருந்தே தொடங்கிற்று. 1856ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு அந்நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் நாளிலிருந்து பொதுமக்கள் பயணம் செய்யலாயினர். பாதை ஆற்காட்டை நோக்கி வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீண்டிருந்தது. மாட்டுவண்டியில் சில நாள்களில் கடந்த வழியைச் சில மணி நேரத்தில் கடக்கலாம் என்பதைக் கண்டு மக்கள் வியந்தனர்.

இரும்புப் பாதை என்று அதனை அழைத்தாலும், அப்பாதை மரத்தின்மேல் கிடந்தது என்பதே உண்மை. தண்டவாளங்களைத் தாங்கி நிற்பன குறுக்குக் கட்டைகள். அவற்றைச் சிலீப்பர் கட்டைகள் என்றும் கூறுவர். இன்று அவை பெரும்பாலும் சிமெண்டுக் கலவையால் செய்யப்படுகின்றன. அந்நாளிலோ அவை வலிய மரங்களிலிருந்து அறுக்கப்பட்டன. ஒரு மைல் நீளப் பாதைக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் தேவைப்பட்டன. அக்கணக்கின்படி பார்த்தால், 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாதைக்கு மட்டும் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட கட்டைகள் வேண்டும். இட்ட கட்டைகளும் நெடுநாள் நில்லா. மழையும் கறையானும் அவற்றை அரித்தன. சில ஆண்டுகளில் புதிய கட்டைகளை இட வேண்டியதாயிற்று. பாதை நீள நீள, காடு குறுகிற்று.

இவ்வளவோடு நின்றதா? இல்லை. இரயில் வண்டியின் எஞ்சினுக்கு நெருப்பு வேண்டும். நிலக்கரி தென்னாட்டிற்கு அருகில் கிடைக்கவில்லை. வங்கத்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கப்பலில் வரவேண்டும். ஆதலால், சென்னை இரயில்வேயின் எஞ்சின்கள் பல ஆண்டுகள் விறகையே உண்டன. நகர மக்களின் அடுப்புகளும் விறகையே நம்பி இருந்தன. தெருவுக்குத் தெரு விறகுத்தொட்டிகள் இருந்த காலம் அது. ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவில் வெட்டிய விறகு, படகுகளில் ஏறிக் கால்வாய் வழியாக எண்ணூரைக் கடந்து சென்னைக்கு வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர்பெற்ற நீர்வழி அதுவே. இவ்வாறு, மலைக்காடும் கடற்கரைக் காடும் நகரத்தை நோக்கி நடந்து வந்து, தண்டவாளத்தின் அடியிலும் அடுப்பின் உள்ளும் மறைந்தன.

இந்நிலையைக் கண்டு கவலையுற்றவருள் ஒருவர் ஹியூ கிளெக்கான் என்பவர். அவர் 1820ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். ஸ்காட்லாந்தில் மருத்துவம் கற்றவர். செடி கொடிகளை ஆராய்வதில் பெருவிருப்பம் உடையவர். வெப்ப நாடுகளில் காடுகள் அழிவதால் விளையும் தீங்குகளைப் பற்றிய அறிக்கை ஒன்று 1851ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் வெளிவந்தது. இராயபுரம் நிலையம் திறக்கப்பட்ட அதே 1856ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தின் காடுகளைக் காக்கும் அதிகாரியாக அவர் அமர்த்தப்பட்டார். காட்டை உண்ணும் இரயிலும் காட்டைக் காக்கும் துறையும் ஒரே ஆண்டில் தோன்றியமை கருதத் தக்கது. பின்னர், 1882ஆம் ஆண்டில் சென்னைக் காட்டுச் சட்டம் இயற்றப்பட்டது.

கிளெக்கான் போன்றோர் எழுதிவைத்த அறிக்கைகள் நமக்குக் கிடைக்கின்றன. ஆயினும், ஏட்டில் எழுதியவை எல்லாம் முழு உண்மை ஆகா. அவர்கள் மலைவாழ் மக்களின் தினைப்புன வேளாண்மையே காட்டை அழிப்பது என்று கருதி, அதனைக் கட்டுப்படுத்த முனைந்தனர். மலைமக்கள் சிறிது இடத்தை வெட்டி எரித்துச் சில ஆண்டுகள் தானியம் விளைத்து, பின் அந்நிலத்தை விட்டு வேறிடம் செல்வர். விட்ட இடத்தில் காடு மீண்டும் தழைக்கும். அவ்வழக்கத்தால் எங்குமே தீங்கு விளைந்ததில்லை என்று கூற இயலாது. ஆனால், இலட்சக்கணக்கில் கட்டைகளை வேண்டிய இரயில் பாதையையும் காப்பித் தோட்டங்களையும் ஒருபுறம் வைத்துவிட்டு, மலைமக்களின் கொத்துவெட்டையே குற்றவாளியாக்குவது நேர்மை ஆகுமா? ஏட்டின் சான்றைக் காட்டின் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

இனி, காட்டின் எழுத்தை எவ்வாறு படிப்பது என்பதைக் காண்போம்.

முதலில் மரத்தின் அடியை நோக்குதல் வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட காடுகளில் வெக்காலி, உசிலை முதலிய மரங்கள் மிகுதி. அவற்றுள் ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகள் எழுந்து நிற்பவற்றைக் காணலாம். விதையிலிருந்து எழுந்த மரம் பெரும்பாலும் ஒரே தண்டோடு வளரும். வெட்டப்பட்ட மரத்தின் கட்டையிலிருந்தே பல தளிர்கள் ஒருங்கே கிளம்பும். ஆதலின், பல தண்டுகளோடு நிற்கும் மரங்கள் நிறைந்த காடு, ஒரு காலத்தில் விறகுக்காகவோ வேறு தேவைக்காகவோ வெட்டப்பட்ட காடு என்று ஊகிக்கலாம். கோடரி போன இடத்தைக் கிளையே காட்டிக் கொடுக்கிறது.

அடுத்து, மரங்களின் வயதை நோக்க வேண்டும். இயற்கைக் காட்டில் முதியனவும் இளையனவும் கன்றுகளும் கலந்து நிற்கும். ஒரே பருமனும் ஒரே உயரமும் உடைய மரங்கள் வரிசை வரிசையாக நின்றால், அவை மனிதர் கையால் நட்டவை ஆகும். இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு கேரளத்திலுள்ள நிலம்பூர்த் தேக்குத் தோட்டம். கப்பல் கட்டத் தேக்கு கிடைப்பது அரிதானபோது, மலபார்க் கலெக்டராக இருந்த கானலி என்பவர் 1840களில் அங்குத் தேக்கு பயிரிட ஏற்பாடு செய்தார். சாத்து மேனன் என்னும் தமது அலுவலரின் உழைப்பால் அம்முயற்சி கைகூடிற்று. அன்று நட்ட தேக்குகளுள் சில இன்றும் வானளாவ நிற்கின்றன. முதியனவும் கன்றும் இல்லாத காடு ஒருவகை. முதியன மட்டும் இருந்து கன்றே இல்லாத காடு இன்னொருவகை. பின்னதில் ஆடு மாடுகள் தொடர்ந்து மேய்ந்திருக்கலாம். அல்லது ஆண்டுதோறும் தீ படர்ந்திருக்கலாம்.

தேக்குக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதன் அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் வளையங்கள் தெளிவாகத் தோன்றும். ஆண்டுக்கொரு வளையம் அது இடுகின்றது. மழை நன்கு பெய்த ஆண்டின் வளையம் அகன்றும், மழை பொய்த்த ஆண்டின் வளையம் குறுகியும் இருத்தல் இயல்பு. இதனைக் கொண்டு, மழைமானி வைத்து அளக்கத் தொடங்கு முன் பெய்த பருவமழையின் ஏற்றத்தாழ்வையும் அறிஞர்கள் கணிக்கின்றனர். ஆனால், ஆண்டு முழுதும் பசுமை மாறாத மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் இத்தகைய தெளிவான ஆண்டு வளையங்கள் இல்லை. எல்லா மரமும் ஒரே எழுத்தில் எழுதுவதில்லை.

மூன்றாவதாக, காட்டில் நிற்கும் அயல்நாட்டுச் செடிகளை நோக்க வேண்டும். உண்ணிச்செடி என்பது பல நிறப் பூக்களோடு அழகாகத் தோன்றும் முட்புதர். அது அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்தது. அழகுச் செடியாக இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. அடர்ந்த நிழலில் அது செழித்து வளர்வதில்லை. மரம் வெட்டப்பட்டு வெயில் தரையில் விழுந்த இடத்திலேயே அது பெருகும். எனவே, உண்ணிச்செடி மண்டிய இடம் கூரை பிரிந்த வீட்டைப் போன்றது. சேர்வராயன் மலையில் உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்களும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவையே. காப்பிச் செடிக்கு நிழல் தரவே அவை நடப்பட்டன. அவை நிற்கும் சரிவு பெரும்பாலும் ஒரு காப்பித் தோட்டத்தின் சரிவு என்று உணரலாம்.

நான்காவதாக, மனிதர் வாழ்ந்த அடையாளங்களைத் தேட வேண்டும். நடுக்காட்டில் புளிய மரமும் மாமரமும் கூட்டமாக நின்றால், அங்கு ஒரு சிற்றூர் இருந்திருக்கலாம். அருகில் ஆட்டுக்கல்லோ, சரிவில் அடுக்கிய கல்வரப்போ, கைவிடப்பட்ட கிணறோ காணப்பட்டால் ஐயம் நீங்கும். மண்ணைச் சிறிது தோண்டினால் கரித்துண்டுகள் கிடைப்பதும் உண்டு. அவை பண்டைத் தீயின் சான்றுகள். சவ்வாது மலையையும் அதனை அடுத்த செங்கம் பகுதியையும் சேர்ந்த இடங்களில் நிற்கும் நடுகற்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு ஆநிரைகளும் அவற்றைக் காத்து மாண்ட வீரரும் இருந்தனர் என்பதைப் பறைசாற்றுகின்றன. எனவே, மனிதன் கால் படாத காடு என்று எண்ணுகின்ற இடம், பல வேளைகளில் மனிதன் வாழ்ந்து நீங்கிய காடாகவே இருக்கும்.

ஊரின் பெயரும் ஒரு சான்றாகும். இராயபுரத்திலிருந்து சென்ற முதல் வண்டி எந்த ஊரை நோக்கிச் சென்றது? ஆற்காட்டை நோக்கி. அப்பெயரின் ஈற்றில் காடு இருக்கின்றது. வழியில் திருவாலங்காடு என்னும் ஊர் உள்ளது. அஃது ஆலமரக் காடு. சென்னையை அடுத்து மாங்காடும் திருவேற்காடும் இருக்கின்றன. இன்று அவ்வூர்களில் காட்டைக் காண்பது அரிது. மரம் போயிற்று; பெயர் நின்றது. பெயரை மட்டும் நம்பி முடிவு செய்தல் கூடாது. எனினும், தேட வேண்டிய இடத்தை அது சுட்டிக் காட்டும்.

இவையெல்லாம் சில நூற்றாண்டுகளின் கதை. அதற்கும் முற்பட்ட காலத்தை எவ்வாறு அறிவது? அதற்கு நீலகிரி வழி காட்டுகின்றது. அம்மலையின் உச்சிப் பகுதியில் புல்வெளிகள் அலை அலையாகப் பரந்துள்ளன. மடிப்பு மடிப்பான பள்ளங்களில் மட்டும் சோலைகள் என்னும் அடர்ந்த குறுங்காடுகள் உள்ளன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி வளர்வதும், வரையாடு மேய்வதும், தோடர்களின் எருமைகள் திரிவதும் அப்புல்வெளிகளிலேயே. அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் பலர் அப்புல்வெளியைப் பயனற்ற வெறுநிலம் என்று எண்ணினர். காடு அழிந்ததனால் புல் முளைத்தது என்று கருதினாரும் உண்டு. ஆதலால், 1840களிலிருந்து ஆஸ்திரேலிய நாட்டுக் கற்பூரத் தைலமரங்களையும் சீகை மரங்களையும் கொண்டுவந்து நட்டனர். விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பிற்காலத்தில் ஆலைகளின் கூழுக்கும் அவை பயன்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் அவ்வேலை தொடர்ந்தது.

ஆனால், மண் வேறொரு செய்தியைக் கூறிற்று. நீலகிரியின் சதுப்பான பள்ளங்களில், மக்கிய இலையும் புல்லும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. மேலடுக்கு இன்றையது, கீழே செல்லச் செல்லக் காலமும் பின்னோக்கிச் செல்லும். மரங்களின் உடலிலுள்ள கரியும் வெப்பநாட்டுப் புற்களின் உடலிலுள்ள கரியும் தன்மையில் சிறிது வேறுபடும். அவ்வேறுபாட்டை அளந்து, எந்த அடுக்கின் காலத்தில் புல் மிகுந்திருந்தது, எந்த அடுக்கின் காலத்தில் மரம் மிகுந்திருந்தது என்று அறியலாம். இராமன் சுகுமார் முதலிய இந்திய அறிவியலறிஞர்கள் இம்முறையால் கண்ட முடிவுகள் 1993ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் குளிர்ந்தும் வறண்டும் இருந்த காலத்தில், அங்குப் புல்வெளியே மிகுந்திருந்தது. பின்னர்ப் பருவமழை வலுப்பெற்றபோது மரங்கள் பெருகின. மீண்டும் வறட்சி வந்தபோது புல் பரவிற்று. எனவே, நீலகிரிப் புல்வெளி மனிதன் அழித்த காட்டின் எச்சம் அன்று; தொன்மையான இயற்கைச் செல்வமே ஆகும்.

காட்டைத் தவறாகப் படித்ததன் விளைவு என்ன? புல்வெளி சுருங்கிற்று. அதனோடு வரையாட்டின் மேய்ச்சலும் தோடர் எருமைகளின் மேய்ச்சலும் சுருங்கின. நீரும் குறைந்தது. நீலகிரியின் கிளன்மார்கன் என்னும் இடத்தில், அடுத்தடுத்துள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். ஒன்றினைப் புல்லும் சோலையுமாகவே விட்டனர். மற்றொன்றில் தைலமரம் நட்டனர். மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து, முதல் முறை வளர்ந்து வெட்டும் காலத்திற்குள் ஏறத்தாழ நூற்றுக்கு 16 பங்கு குறைந்ததாகக் கண்டனர். மரம் நடுதல் நற்செயலே. ஆயினும், எந்த இடத்தில் எந்த மரம் என்று அறியாமல் நடுவது, நோயை அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். இதனை உணர்ந்து, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அயற்செடிகளை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது.

மலையிலே கற்ற இவ்வெழுத்தைக் கடற்கரையிலும் படிக்கலாம். பொன்னேரியிலிருந்து எண்ணூர் வரை உள்ள மணற்பகுதிகளில் சவுக்குத் தோப்புகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். சவுக்கு இந்நாட்டு மரம் அன்று. சென்னையின் அடுப்புகளுக்கும் இரயில் எஞ்சின்களுக்கும் விறகு வேண்டியிருந்தமையால், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அது கடற்கரையெங்கும் பயிரிடப்பட்டது. எஞ்சின்கள் மறைந்தன, சவுக்கு நிற்கின்றது. திருவொற்றியூர்க் கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாருக்கு உறுதிமொழி கூறிய இடம் அம்மரத்தடி என்று பெரிய புராணம் கூறும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இயல்பாக வளரும் மகிழம், தொழிற்கூடங்களுக்கு இடையேயும் பத்தியினால் காக்கப்பட்டு நிற்கின்றது.

எண்ணூர்க் கழிமுகத்தில் எஞ்சியிருப்பது வெண்கண்டல் காடு. சேற்றிலிருந்து ஈட்டிமுனைபோல் மேல்நோக்கி நிற்கும் வேர்களால் அது மூச்சு விடுகின்றது. அங்குக் கலக்கும் கொசஸ்தலையாற்றின் துணையாறாகிய நகரியாறு, கிழக்குத் தொடர்ச்சி மலைச் சரிவின் நீரைச் சுமந்து வருகின்றது. மலையில் காடு நின்றால் மழைநீர் மண்ணில் ஊறி மெல்ல இறங்கும். காடு அழிந்தால் நீர் ஒருநாள் பெருகி மறுநாள் வற்றும். கண்டல் மரங்களின் நடுவே உள்ள வெற்றிடங்களும், சேற்றில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலும், 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தின்போது பரவிய எண்ணெயின் கறையும் இக்காலத்தின் எழுத்துகள். அக்கழிமுகத்தை நம்பி இறாலும் மீனும் பிடித்து வாழும் மக்கள், அவ்வெழுத்தை எவரும் கற்பிக்காமலே நாள்தோறும் படித்து வருகின்றனர்.

காட்டைப் படிப்போர் மூன்று நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். ஒரே சான்றை நம்பி முடிவு செய்தல் கூடாது; மரம், மண், ஏடு, பெயர் ஆகிய அனைத்தும் ஒத்துரைக்கின்றனவா என்று ஆராய வேண்டும். இருப்பதைக் காண்பதோடு, இருக்க வேண்டியது இல்லாமையையும் காண வேண்டும். அங்கு வாழும் மக்களின் அறிவை ஏட்டறிவுக்குக் குறைந்ததாக எண்ணலாகாது.

நூலைத் தவறாகப் படித்தவன் தேர்வில் தவறுவான். அத்தவறு அவனோடு ஒழியும். காட்டைத் தவறாகப் படித்த தலைமுறையின் பிழையோ, அடுத்த தலைமுறையின் ஆற்றிலும் கிணற்றிலும் தெரியும். இன்று நாம் வெட்டுவதும் நடுவதும் காடென்னும் நூலில் புதிய வரிகளாகப் பதிகின்றன. நூறு ஆண்டுகளுக்குப் பின் வருவோர் அவற்றைப் படிப்பர். அவர்கள் வருந்தாத வண்ணம் எழுதுதல் நம் கடமையாகும்.